அண்ணி சிரித்த சிரிப்பு

அத்தியாயம் 14

பொய்யைச் சொல்லிவிட்டு வந்தவளுக்குச் சாப்பாடு இறங்குமா? பெரியவளுக்கு ஒரு வாரமாகவே இறங்கவில்லை. தட்டில் போட்டதை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளிவிட்டு எழுந்துபோகிறாள். "அக்கா, என் சமையல் அவ்வளவு மோசமா?" என்று ஓரகத்தி சின்னவள் கேட்டுப் பார்த்துவிட்டாள்.

என்ன பொய்? டாக்டர்களும் நர்ஸ்களும் கையில் வைத்துக்கொண்டு, நோயாளியின் பக்கத்திலேயே நின்று எல்லாவற்றையும் பதிந்துகொள்ள ஆஸ்பத்திரியில் டேப்லெட் கம்ப்யூட்டர் வாங்கப் போகிறார்கள் அல்லவா, எதை வாங்கலாம் என்று பார்த்துச் சொல்ல ஒரு குழு போட்டிருந்தார்கள். தீக்காய வார்டின் இன்சார்ஜ் சிஸ்டர் என்ற முறையில் பெரியவளும் அதில் இருந்தாள். கடைசிவரை போட்டியில் நின்றவை இரண்டு. ஒன்று மெல்லிசாக, பளபளவென்று, முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம் போல இருந்தது. வார்டில் அதற்குப் பெயரே 'கண்ணாடி'. இன்னொன்று மூலைக்கு மூலை ரப்பர் வைத்து, பின்பக்கம் கையை நுழைத்துக்கொள்ள ஒரு பட்டை வைத்து, தடிமனாக, கறுப்பாக, பார்க்கவே ஒரு மாதிரி. அதற்குப் பெயர் 'செங்கல்'.

செங்கல்லை விற்க வந்தவன் வேறு யாருமில்லை. அவளுடைய சொந்தக் கொழுந்தன். வீட்டுக்குச் சின்னவன். திறந்த வாயை மூடமாட்டான் என்பதால் சின்ன வயதிலிருந்தே அவனுக்கு 'டமாரம்' என்று பெயர்.

அவன் தன் கொழுந்தன் என்று அவள் குழுவில் மூச்சுவிடவில்லை. அதோடு நிறுத்தியிருந்தாலும் பரவாயில்லை. "வார்டு என்ன சொல்லுது சிஸ்டர்?" என்று பெரிய டாக்டரம்மா கேட்டபோது, "செங்கல் ரொம்பக் கனம் மேடம், பிள்ளைங்களுக்குக் கை வலிக்குதாம்" என்று சொல்லிவிட்டாள். ஒரு பிள்ளையும் அப்படிச் சொல்லவில்லை. "கண்ணாடியில ஏதாவது குறை?" என்று அடுத்த கேள்வி வந்தது.

"பழகினா சரியாயிடும் மேடம்."

குறை இருந்தது. கிளவுஸ் போட்ட கையால் தொட்டால் கண்ணாடிக்கு உறைக்காது. மேலே ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் போதும், அதை விரல் என்று நினைத்துக்கொண்டு தானாகவே வேறு யாருடைய பக்கத்தையாவது திறந்து வைக்கும். வார்டுப் பிள்ளைகள் இதையெல்லாம் அவளிடம் வந்து ஒப்பித்திருந்தார்கள். "நான் பார்த்துக்கறேன், போங்க" என்று அனுப்பியிருந்தாள். பார்த்துக்கொண்ட லட்சணம் இதுதான்.

கண்ணாடி ஜெயித்தது. சொந்தக்காரனுக்காகப் பேசினாள் என்று நாளைக்கு யாரும் விரலை நீட்டிவிடக் கூடாது, அதனால்தான் அப்படிச் சொன்னேன் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். நேர்மையாம்! அந்த நேர்மை தொண்டையில் சிக்கிய மாத்திரையாக, எத்தனை தண்ணீர் குடித்தாலும் இறங்காமல் உட்கார்ந்திருந்தது.

அன்று காலையில் அவள் டீயை ஆற்றிக்கொண்டு நின்றபோது சின்னவன் வாசலில் உட்கார்ந்து ஷூவைத் தேய்த்துக்கொண்டிருந்தான். அப்படியொரு தேய்ப்பு.

"என்ன தம்பி, பொண்ணு பார்க்கப் போறியா?" என்றாள், ஏதாவது பேச வேண்டுமே என்று.

"அதுக்கு உங்க ஓரகத்தி பர்மிஷன் தரமாட்டேங்கறா அண்ணி."

"தாராளமாப் போங்க, எனக்கும் ஒரு ஆள் கூடமாட வேலைக்கு ஆகும்" என்று உள்ளேயிருந்து சின்னவளின் குரல் வந்தது.

அவன் சிரித்தான். பிறகு தேய்ப்பதை நிறுத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "இன்னைக்கு உங்க வார்டுக்குத்தான் வரேன் அண்ணி. ட்ரையலுக்குக் கொடுத்த செங்கல்லையெல்லாம் திருப்பி வாங்கிட்டு வரச் சொல்லிட்டாங்க. கவலைப்படாதீங்க, உங்களைத் தெரிஞ்ச மாதிரியே காட்டிக்கமாட்டேன். 'மேடம்'தான்."

பெரியவளுக்கு டீ புரையேறியது.

"உன் வேலை விஷயம் என்னடா ஆச்சு?"

"அதான் இந்த ஆர்டர் வந்தா நிரந்தரம்னு சொல்லியிருந்தாங்க. வரல. இன்னைக்குச் சாயந்திரம் கூப்பிட்டுப் பேசறாங்களாம்." ஷூவைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். "ஒண்ணும் ஆகாது. எனக்கு என்ன வருத்தம் தெரியுமா? பொருள் மட்டமா இருந்து தோத்திருந்தா மனசு ஆறும். உங்க வார்டு சிஸ்டர்ங்களே கனம்னு சொல்லிட்டாங்களாம். அதைத்தான் என்னால ஜீரணிக்க முடியல."

சின்னவள் வெளியே வந்து அவன் கையில் சாப்பாட்டுப் பையைத் திணித்தாள். "விடுங்க. அக்காவும் அந்த ரூம்லதானே இருந்தாங்க? நமக்காக அவங்க ஒரு வார்த்தை பேசாமலா இருந்திருப்பாங்க? கிடைக்கணும்னு இருந்தா கிடைச்சிருக்கும்."

பெரியவள் டம்ளரைக் கழுவப் போய்விட்டாள். கழுவின டம்ளரையே மறுபடியும் கழுவினாள்.

வார்டுக்குள் நுழைந்து, கை கழுவி, கட்டுப்போடும் அறையை ஒரு சுற்று பார்ப்பது அவளுடைய வழக்கம். அன்றும் பார்த்தாள். கழிவுத் தொட்டியின் மூடியைக் காலால் மிதித்துத் திறந்தபோது, உள்ளே பஞ்சுக்கும் பழைய கட்டுத்துணிக்கும் மேலே என்னவோ குட்டிக் குட்டியாகக் கிடந்தன. வெள்ளையாக, சுருண்டு, பொம்மைக்குப் போடுகிற குல்லா மாதிரி. குனிந்து பார்த்தாள்.

கிளவுஸின் விரல் நுனிகள்.

ஒன்றிரண்டு இல்லை, ஒரு பிடி இருக்கும். எல்லாம் ஆள்காட்டி விரல். கத்தரிக்கோலால் சுத்தமாக நறுக்கியது.

"குருவி!" என்று கூப்பிட்டாள்.

குருவி வார்டிலேயே சின்னப் பெண். ஒரு இடத்தில் நிற்காது, தத்தித் தத்திப் போகும், அதனால் குருவி. வந்து நின்றது. "என்ன சிஸ்டர்?"

"இது என்னடி?"

"அதுவா? கண்ணாடிக்காக சிஸ்டர்." ஏதோ நல்ல காரியம் செய்ததைச் சொல்வது போல முகம் மலர்ந்தது. "கட்டு பிரிச்சதும் புண்ணைப் போட்டோ எடுக்கணும், அளவு போடணும், எல்லாம் அங்கேயே செய்யணும்ல? கிளவுஸோட தொட்டா அது மரக்கட்டை மாதிரி கிடக்கு. ஒவ்வொரு தடவையும் கழட்டி, கை கழுவி, புதுசு மாட்டினா ஒரு ஆளுக்கே மத்தியானம் ஆயிடும். நோயாளி வேற வலியில கத்தறாங்க. அதான் ஒரு விரலை மட்டும் நறுக்கிட்டோம். எல்லாரும் இப்ப இப்படித்தான் செய்யறோம்."

"எல்லாருமா?"

"நீங்கதானே சிஸ்டர் சொன்னீங்க, பழகினா சரியாயிடும்னு. பழகிட்டோம்!"

குத்திக்காட்டிச் சொல்லவில்லை அந்தப் பெண். வெள்ளை மனதோடுதான் சொன்னது. அதனால்தான் பெரியவளுக்கு அது நேராகப் போய் உள்ளே தைத்தது. தோல் வெந்து கிடக்கிறவர்களைத் தொடுகிற வார்டு. வெறும் விரல் படக் கூடாது என்று புதிதாக வருகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் தொண்டை வற்றக் கத்திச் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். இப்போது தொட்டி நிறைய விரல் நுனி.

"இனிமே இதைச் செய்யாதீங்க" என்றாள்.

"அப்ப எப்படி சிஸ்டர் பதியறது?"

மருந்து அலமாரியைச் சரிபார்க்கப் போவது போல நகர்ந்துவிட்டாள். அன்றைக்கு எதைக் கண்டாலும் அங்கிருந்து நகர்ந்துவிடுகிற நாளாகத்தான் இருந்தது.

பதினொரு மணி வாக்கில் சின்னவன் வந்தான். தேய்த்த ஷூ, கழுத்தை இறுக்கும் டை, தோளில் மூட்டை மாதிரி ஒரு பை. மருந்து அலமாரிக்குப் பின்னால் நின்ற பெரியவளுக்கு அவனுடைய குரல்தான் முதலில் கேட்டது. டமாரம் அல்லவா!

"வணக்கம் சிஸ்டர். நம்ம பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போக வந்திருக்கேன்."

நர்ஸ்கள் சூழ்ந்துகொண்டார்கள். செங்கல்லை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தபோது ஒருத்திக்கும் மனசே இல்லை.

"அண்ணா, ஒண்ணை மட்டும் மறந்த மாதிரி விட்டுட்டுப் போங்களேன்" என்றது குருவி.

"விட்டுட்டுப் போனா என்னையும் இங்கயே விட்டுடுவாங்கம்மா. அப்புறம் எனக்கு யாரு சோறு போடறது?"

"நாங்க போடறோம். செங்கல்லை மட்டும் கொடுங்க."

அவன் சிரித்துவிட்டுப் பையின் ஜிப்பை இழுத்தான். பாதியில் நிறுத்தினான். "ஒண்ணு கேட்டா தப்பா நினைக்கமாட்டீங்களே? கனமா இருக்கு, கை வலிக்குதுன்னு நீங்கல்லாம் சொன்னீங்களாமே. எங்களுக்குச் சொன்ன காரணம் அதுதான். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா தோள்ல மாட்டற பட்டை வெச்சுக் கொடுத்திருப்பேனே. அதைத்தான் கேக்கலாம்னு..."

"யாரு, நாங்களா?" என்றது குருவி.

"நாங்க எப்போ அப்படிச் சொன்னோம்?" என்றாள் இன்னொருத்தி. "எழுபது எண்பது கிலோ ஆளையெல்லாம் புரட்டிப் போடற கை இது. இந்த டப்பா எங்களுக்குக் கனமா?"

"சத்தியமா ஒருத்தரும் சொல்லல அண்ணா. இன்சார்ஜ் சிஸ்டரையே கேளுங்க. சிஸ்டர்! எங்க போனாங்க, இப்ப இங்கதானே நின்னாங்க?"

அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் பெரியவள் ஒட்டிக்கொண்டு நின்றாள். இத்தனை வயதுக்கு மேல் ஒளிந்து விளையாடுகிற குழந்தை மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோமே என்று நினைக்கவே கூசியது.

"மேடத்தைத் தொந்தரவு பண்ணாதீங்க" என்றான் சின்னவன் அவசரமாக. "அவங்களுக்கு என்ன தெரியும் பாவம். இது குழுவுல இருந்த அந்தக் கம்ப்யூட்டர்காரர் வேலையா இருக்கும். அன்னைக்கே அவர் முகம் சரியில்ல. உங்க பேரைச் சொல்லித் தப்பிச்சுக்கிட்டார் போல."

செய்யாத குற்றம் யார் தலையிலோ விழுகிறது. செய்தவளுக்காக அவன் பரிந்து பேசுகிறான். இதைவிட அவன் நேரே வந்து நான்கு வார்த்தை திட்டியிருக்கலாம்.

பையைத் தூக்கிக்கொண்டு போகிற போக்கில் அவன் அலமாரிப் பக்கம் திரும்பினான். அவளுடைய புடவைத் தலைப்பு தெரிந்திருக்க வேண்டும். ஒரு நொடிதான். கண்ணால் சின்னதாக ஒரு சிரிப்பு, 'பார்த்தீங்களா, சொன்னபடியே தெரியாத மாதிரி நடந்துக்கறேன்' என்பது போல. பிறகு லிஃப்டுக்குப் போய்விட்டான்.

மத்தியானத்துக்குமேல்தான் அது நடந்தது. ஆறாம் கட்டில்காரருக்குக் கட்டுப் பிரிக்கையில் குருவியின் வெறும் விரலில் ரத்தமும் நீரும் பட்டுவிட்டது. பட்டால் கழுவிவிட்டுப் போகலாம். ஆனால் அந்த விரலின் நுனியில் ஏற்கெனவே ஒரு கீறல் இருந்தது, நகம் வெட்டும்போது பட்டதாம். உடனே கழுவ வைத்தார்கள். இரண்டு பேருக்கும் ரத்தப் பரிசோதனை எழுதினார்கள். குருவி ஸ்டூலில் உட்கார்ந்து அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தது.

"நான்தான் சிஸ்டர் தப்பு பண்ணிட்டேன். நீங்க காலையிலயே வேணாம்னு சொன்னீங்க."

"நீ எந்தத் தப்பும் பண்ணல."

"எனக்கு மட்டும்னா பரவாயில்ல. என் விரல்ல இருந்து அவருக்கு ஏதாவது போயிருந்தா? அவரே பாவம், இப்பத்தான் எழுந்து உட்கார ஆரம்பிச்சார்."

பெரியவள் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஐஸ் மாதிரி இருந்தது. எவளோ பெற்ற பெண், தன்னை நம்பி இங்கே வேலைக்கு வந்திருக்கிறது. அதற்குமேல் அவளால் அங்கே நிற்க முடியவில்லை. பெரிய டாக்டரம்மாவும் சரியாக அப்போதுதான் கூப்பிட்டு அனுப்பினார்.

பெரிய டாக்டரம்மா ஆஸ்பத்திரிக்கே தலைமை. கெட்டவர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாரானால் எதிரே நிற்பவர் தப்பிக்க முடியாது. இப்போது கழற்றி வைத்திருந்தார்.

"என்ன சிஸ்டர் இது? கிளவுஸை வெட்டிப் போட்டுக்கிட்டு வேலை செஞ்சிருக்கா. அதுவும் உங்க வார்டுல! மத்த வார்டுக்கெல்லாம் உங்களைத்தானே நான் உதாரணம் காட்டிட்டு இருந்தேன். அந்தப் பொண்ணுக்கு இன்னைக்கே மெமோ கொடுங்க. நாளைக்கு எல்லாருக்கும் ஒரு பாடமா இருக்கட்டும்."

"மெமோ அவளுக்கு வேண்டாம் மேடம்."

"பின்ன யாருக்கு?"

"எனக்கு."

சொல்லியாகிவிட்டது. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"கிளவுஸோட தொட்டா கண்ணாடி வேலை செய்யலைன்னு பிள்ளைங்க என்கிட்ட ட்ரையல் நடக்கும்போதே சொன்னாங்க மேடம். நான் குழுவுல சொல்லல. செங்கல் கனம்னு ஒருத்தரும் சொல்லல. அது நானா சொன்னது."

பெரிய டாக்டரம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "எதுக்கு?"

"செங்கல் கொண்டுவந்தாரே, அவர் என் கொழுந்தன்."

"யாரு, அந்த வித்தைக்காரரா?" டாக்டரம்மாவின் உதட்டோரம் தானாக மேலே ஏறியது. பெரியவளின் முகத்தைப் பார்த்ததும் இறங்கிவிட்டது.

அன்றைக்குக் குழுவின் முன்னால் நடந்தது வித்தைதான். கோட்டுப் போட்ட டாக்டர்கள் எல்லாம் நீள மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருக்க, சின்னவன் வியர்த்து வழிந்துகொண்டு வந்தான். "பெரியவங்களே, இப்ப பாருங்க" என்று ஆரம்பித்தான். செங்கல்லைத் தலைக்குமேல் தூக்கித் தரையில் போட்டான். தண்ணீர் பாட்டிலைத் திறந்து அதன் தலையில் கவிழ்த்தான். கிளவுஸ் மாட்டிக்கொண்டு, கையில் சோப்பைக் குழைத்துக்கொண்டு, "இப்பவும் எழுதுது பாருங்க, இப்பவும் எழுதுது பாருங்க" என்று சுற்றிச் சுற்றிக் காட்டினான். சந்தையில் கூட்டம் கூட்டி விற்கிறவன் மாதிரி. ஒரு டாக்டர் பக்கத்தில் இருந்தவரின் காதில், "அடுத்து வாயிலேர்ந்து நெருப்பு விடுவான் பாருங்க" என்றார். மேஜை முழுக்கச் சிரித்தது.

பெரியவளும் சிரித்தாள்.

"நீங்க சொந்தம்னு மட்டும் சொல்லியிருந்தா போதுமே சிஸ்டர்" என்றார் டாக்டரம்மா. "நான் இந்த ஒரு ஓட்டுல கலந்துக்கலைன்னு சொல்லிட்டு வெளியில உட்கார்ந்திருக்கலாம். யாரும் ஒண்ணும் சொல்லியிருக்கமாட்டோம். இதுக்கு எதுக்குப் பொய்?"

அந்தக் கேள்விக்குப் பதிலாக ஒரு வாரமாக அவள் சேர்த்து வைத்திருந்தாளே ஒரு நேர்மை, அதை எடுக்கப் போனாள். வரவில்லை. வேறொன்று வந்தது.

"சொந்தம்னு சொல்ல எனக்கு வெக்கமா இருந்தது மேடம்."

நாற்காலியை விட்டுவிட்டு நேராக நின்றாள்.

"எல்லாரும் அவனைப் பார்த்துச் சிரிச்சீங்க. நானும் உங்களோட சேர்ந்து சிரிச்சேன். அந்த ஆர்டர் அவனுக்குக் கிடைச்சா அவன் தினமும் இங்க வருவான். ஒருநாள் இல்ல ஒருநாள் 'அண்ணி'ன்னு கூப்பிட்டுடுவான். இவன் என் வீட்டு ஆளுன்னு உங்களுக்கெல்லாம் தெரிஞ்சிடும். அப்படி ஒரு நாள் வரக் கூடாதுன்னுதான் அந்தப் பொய். நியாயத்துக்காகன்னு இத்தனை நாள் என்னை நானே ஏமாத்திட்டு இருந்தேன்."

டாக்டரம்மா மூக்குக்கண்ணாடியை எடுத்துத் துடைத்தார். துடைத்ததையே துடைத்தார். சிரித்தவர்களில் அவரும் ஒருவர் அல்லவா? அதனால் உடனே நிமிர்ந்து பார்க்க அவருக்கும் முடியவில்லை போல.

"உங்க பேர்ல விசாரணை வைக்கணும். தெரியுமில்ல?"

"வைங்க மேடம்."

"இன்சார்ஜ் பொறுப்புல நீங்க தொடர முடியுமான்னு இப்ப நான் சொல்ல முடியாது."

"சரி மேடம். அந்தப் பொண்ணுக்கு மட்டும் மெமோ வேண்டாம்."

"கொடுக்கல. வார்டுல கண்ணாடியை இன்னைக்கே நிறுத்திடுங்க. கொஞ்ச நாள் பழையபடி பேப்பர்லயே எழுதட்டும்." பிறகு, ஒரு துண்டுக் காகிதத்தைத் தள்ளினார். "உங்க கொழுந்தனோட போன் நம்பரை எழுதிட்டுப் போங்க. நானே பேசறேன். நீங்க இதுல தலையிட வேண்டாம்."

எழுதினாள். அவனுடைய நம்பர் மனப்பாடம். அந்த நம்பர் அவனுக்கு வந்த நாளிலிருந்து அவள் வேலை முடித்து வரத் தாமதமானால், "அண்ணி, எங்க இருக்கீங்க, பஸ் ஸ்டாண்டுக்கு வரட்டுமா?" என்று கூப்பிடுகிற ஒரே ஆள் அவன்தான். அவளுடைய கணவன் லாரியை எடுத்துக்கொண்டு போனால் வாரக்கணக்கில் வெளியூர். அவள் பரீட்சைக்குப் படித்த காலத்தில், வீட்டுக்குள் சத்தம் போடாமல் இருப்பதற்காக இந்த டமாரம் மொட்டை மாடியில் போய் உட்கார்ந்திருந்ததுண்டு. அதெல்லாம் அன்றைக்கு அந்த நீள மேஜையில் ஞாபகத்துக்கு வரவில்லை. இப்போது வந்து என்ன பயன்?

வீட்டுக்குள் நுழையும்போதே 'டம்' என்று ஒரு சத்தம். கூடவே குழந்தையின் கைதட்டல்.

கூடத்து நடுவில் சின்னவன் நின்றிருந்தான். டையை அவிழ்த்துத் தலையில் கட்டியிருந்தான். அவனுடைய குழந்தை சோபாவில் ஏறி நின்று குதித்துக்கொண்டிருந்தது.

"அப்பா, மறுபடியும் கீழ போடு!"

"பெரியவங்களே, இப்ப பாருங்க!" டம்.

"பெரியம்மா வந்தாச்சு! பெரியம்மா, அப்பாவுக்கு வேலை இல்லையாம். தினமும் வீட்லயே விளையாடலாமாம்!"

பெரியவள் கைப்பையை வைக்காமலேயே நின்றாள். சின்னவள் சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றிருந்தாள். அழுத கண்.

"திங்கக்கிழமையிலேர்ந்து வர வேண்டாம்னு சொல்லிட்டாங்க அக்கா" என்றாள். "இந்த மனுஷன் பாருங்க, வந்ததுலேர்ந்து கூத்தடிச்சிட்டு இருக்கார். ஒரு செங்கல்லைத் திருப்பிக் கொடுக்காம தூக்கிட்டு வேற வந்திருக்கார்."

"திங்கக்கிழமை கொடுத்துக்கலாம். அதுவரைக்கும் பொண்ணு விளையாடட்டும்" என்றான் அவன். "அண்ணி, உட்காருங்க. நீங்க வந்தாத்தான் ஆட்டம் களைகட்டும். அன்னைக்கு அந்த ரூம்ல நான் பயந்து செத்துட்டிருந்தேன். எல்லாம் உர்ர்ருனு உட்கார்ந்திருக்காங்க. திரும்பிப் பார்த்தா அண்ணி சிரிக்கறாங்க! அவ்வளவுதான், எனக்கு எங்கிருந்து தெம்பு வந்துச்சுன்னே தெரியல. பொளந்து கட்டிட்டேன்."

"உங்க பெருமை போதும்" என்றாள் சின்னவள். ஆனாலும் லேசாகச் சிரித்தாள். "இதையே எனக்கு ஒரு நூறு தடவை சொல்லிட்டார் அக்கா. அண்ணி சிரிச்சாங்க, அண்ணி சிரிச்சாங்கன்னு."

"இப்ப பாருங்க அண்ணி." அவன் செங்கல்லைத் தலைக்குமேல் தூக்கினான்.

குழந்தை கைதட்டத் தயாரானது. பெரியவள் சிரிக்கவில்லை.

"என்ன அண்ணி, இன்னைக்குச் சிரிக்கமாட்டேங்கறீங்க?"

"தம்பி, அதைக் கீழ வை. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க." தூக்கின கை தூக்கினபடியே இருந்தது.

"கனம்னு சொன்னது கம்ப்யூட்டர்காரர் இல்ல. பிள்ளைங்களும் இல்ல. நான்."

அவன் முகத்திலிருந்த சிரிப்பு போகவில்லை. இது ஏதோ விளையாட்டு, அடுத்த வரியில் அவிழ்ந்துவிடும் என்று காத்திருப்பது போல நின்றான்.

"அன்னைக்கு நான் சிரிச்சேனே, அது உனக்காகச் சிரிச்சது இல்ல தம்பி. அவங்க எல்லாரும் உன்னைப் பார்த்துச் சிரிச்சாங்க. நானும் அவங்களோட சேர்ந்து உன்னைப் பார்த்துதான் சிரிச்சேன்."

சமையலறைக் குழாயிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. சின்னவள் போய் மூடவில்லை.

"அப்பா, போடுப்பா" என்றது குழந்தை.

இத்தனை நாளாக எத்தனையோ ஆஸ்பத்திரியில் எத்தனையோ முறை அதை ஓங்கித் தரையில் போட்டவன், இப்போது கையை மெதுவாக இறக்கி, முட்டையை வைப்பது போலச் செங்கல்லை மேஜைமேல் வைத்தான். தலையில் கட்டியிருந்த டையை அவிழ்த்தான். அதைச் சுருட்டினான். சுருட்டிக்கொண்டே இருந்தான். வாயைத் திறந்தால் மூடத் தெரியாதவன்.

"தம்பி, ஏதாவது பேசுடா. திட்டுடா."

அவனுடைய சட்டைப்பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தான். தெரியாத நம்பர். ஆனால் அதன் முதல் சில எண்கள் அவனுக்குத் தெரியாமலா இருக்கும், எத்தனை முறை அந்த ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுக் காத்துக் கிடந்திருப்பான்! பெரியவளுக்கும் தெரிந்தது.

"பெரிய டாக்டரம்மாவா இருக்கும்" என்றாள். "எல்லாத்தையும் சொல்லிட்டேன். உன் நம்பரை வாங்கிட்டாங்க. எடு தம்பி."

போன் அவன் உள்ளங்கையில் அதிர்ந்துகொண்டே இருந்தது. சின்னவள் ஒரு அடி முன்னால் வந்தாள், கரண்டியைப் பிடித்தபடி. கணவனைப் பார்த்தாள், பெரியவளைப் பார்த்தாள். 'அக்கா' என்று வழக்கமாக வருகிற வார்த்தை அவள் வாயிலிருந்து வரவில்லை.

சின்னவன் நிமிர்ந்தான்.

"எடுத்தா நான் அவங்ககிட்ட யாருன்னு சொல்லிக்கட்டும்?" என்றான். குரலில் சத்தமே இல்லை. "உங்களுக்கு என்ன வேணும்னு சொல்லிக்கட்டும்... மேடம்?"